விடைத்தாள் திரும்பி வரும் நாள்: மாணவர் தம் கற்றலைத் தாமே நடத்த வகுப்பறை மதிப்பீடு

திருத்திய தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் காட்சி எல்லா ஆசிரியருக்கும் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். பையன் வருவான், வாங்குவான், மேல் மூலையில் வட்டமிட்ட எண்ணைப் பார்ப்பான். உடனே பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்த்து "உனக்கு எவ்ளோ?" என்பான். கூட்டலில் ஒரு மதிப்பெண் விட்டுப்போயிருந்தால் அதைக் கேட்க மட்டும் மேசைக்கு வருவான். பிறகு தாள் நான்காக மடிந்து பைக்குள் போய்விடும். இரண்டு இரவு உட்கார்ந்து 38 தாளில் நாம் எழுதிய சிவப்பு மை எழுத்தை ஒருவரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

நானும் பல வருடம் இப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை 7ஆம் வகுப்பில் பின்னக் கூட்டல் தேர்வு வைத்து, திருத்தி, கொடுத்து, கரும்பலகையில் எல்லா விடையும் எழுதிப் போட்டேன். ஒரு வாரம் கழித்து அதே கணக்கை எண்ணைக்கூட மாற்றாமல் கொடுத்தேன். போன வாரம் 1/2 + 1/4 = 2/6 என்று எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலோர் மறுபடியும் 2/6 என்றே எழுதியிருந்தார்கள். அவர்கள் மேல் கோபம் வரவில்லை, எனக்குத்தான் உறைத்தது. அந்தத் தேர்வில் நான் தெரிந்துகொண்டேன், பதிவேடு தெரிந்துகொண்டது, தலைமையாசிரியர் தெரிந்துகொண்டார். தெரிந்துகொள்ள வேண்டிய பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது ஓர் எண் மட்டும்.

தையற்காரர் அளவெடுப்பது துணி வெட்டுவதற்கு. வகுப்பில் நாம் எடுக்கும் அளவையும் வைத்து யாராவது எதையாவது வெட்டித் தைக்க வேண்டும். அந்தக் கத்தரிக்கோலை மாணவர் கையில் கொடுப்பது எப்படி என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளை மனத்தில் வைத்து எழுதியது. தொடக்க வகுப்புக்காரர்கள் வாக்கியங்களை எளிமையாக்கிக்கொண்டால் போதும்.

முதலில், இதற்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009 தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டைக் கேட்கிறது. தமிழ்நாட்டில் 2012-13இல் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தேர்வாக வரும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40இல் செயல்பாடுகளுக்கு 20, சிறுதேர்வுகளுக்கு 20. 'வளரறி' என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள்: வளர்வதை அறிவது, வளரும்போதே அறிவது. நடைமுறையில் அந்த 40ஐயும் நாம் குட்டித் தொகுத்தறித் தேர்வாக ஆக்கிவிட்டோம். செயல்பாடு செய்யச் சொல்லி, படம் ஒட்டச் சொல்லி, 10க்கு 9 போட்டுப் பதிவேட்டை நிரப்பினோம். பெட்டி சரியான பெட்டிதான், உள்ளே வைத்ததுதான் வேறு.

அதற்கும் முன்னால் செயல்வழிக் கற்றல் நமக்கு ஒன்றைக் காட்டியிருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் மாநிலம் முழுக்கப் பரவிய அந்த முறையில் சுவரில் கற்றல் ஏணி இருக்கும். 7 வயதுப் பிள்ளை வகுப்புக்குள் வந்ததும் ஏணியில் தன் படியைப் பார்த்து, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு உட்காரும். அந்த முறையைப் பற்றி ஆயிரம் விவாதம் உண்டு, நான் அதற்குள் போகவில்லை. ஆனால் "இன்று எனக்கு எது?" என்று ஆசிரியரைக் கேட்காமலே 7 வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது. 14 வயதில் அதே குழந்தை "சார், எந்த லெசன் டெஸ்ட்டுக்கு?" என்று மட்டும் கேட்கிறது என்றால், நடுவில் எதையோ நாம் பிடுங்கிக்கொண்டோம்.

ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதியது இந்த வேலைக்கு அடித்தளம். ஒரு மாணவர் தானே முன்னேற மூன்று வேண்டும் என்றார்: நல்ல வேலை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும், தன் வேலையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும், இடைவெளியைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும். வாசலில் கோலம் போடும் பெண்ணைப் பாருங்கள். நாலு வரிசை இழுத்ததும் எழுந்து, ஓரடி பின்னால் தள்ளி நின்று பார்ப்பாள். எந்தப் புள்ளி விட்டுப்போனது, எந்த வளைவு பிசகியது என்று அவளுக்கே தெரியும். விரலால் அழித்துவிட்டு அங்கேயே சரிசெய்வாள். யாரும் மதிப்பெண் போடுவதில்லை. சாட்லர் சொன்ன மூன்றும் அவளிடம் இருக்கின்றன. கீழே வரும் படிகள் எல்லாமே கணக்கிலும் தமிழிலும் அறிவியலிலும் பிள்ளையை அப்படி ஓரடி தள்ளி நிற்கவைக்கத்தான்.

படி 1: இலக்கைப் பிள்ளையின் வாக்கியமாக்குங்கள்

பாடநூலில் பாடத்தின் தொடக்கத்தில் கற்றல் நோக்கங்கள் அச்சாகியிருக்கின்றன. அவை நமக்கு எழுதியவை. "பின்னங்களின் அடிப்படைச் செயல்களைப் புரிந்துகொள்ளுதல்" என்பதை வைத்துக்கொண்டு 12 வயதுப் பிள்ளையால் தனக்கு அது வந்துவிட்டதா இல்லையா என்று சொல்ல முடியாது. "என்னால் முடியும்" என்று முடியும் வாக்கியங்களாக உடையுங்கள். பின்னங்களுக்கு நான் எழுதியது:

- இரண்டு பின்னத்தில் எது பெரியது என்று படம் வரைந்து காட்ட என்னால் முடியும்.
- ஒரே மதிப்புள்ள பின்னங்கள் மூன்றை என்னால் எழுத முடியும்.
- பகுதி வேறாக இருக்கும் இரண்டு பின்னங்களைக் கூட்ட என்னால் முடியும்.
- கூட்டி வந்த விடை சரியாக இருக்குமா என்று கணக்குப் போடாமலே மதிப்பிட என்னால் முடியும்.
- கடை, சமையல், நிலம் பற்றிய கணக்கைப் படித்துப் பின்னமாக என்னால் எழுத முடியும்.

ஐந்துக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே மூன்று கட்டம்: பாடம் தொடங்கும் முன், நடுவில், முடிந்த பின். பாட நோட்டில் அந்தப் பாடத்தின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸுக்கு வழியில்லாவிட்டால் கரும்பலகையில் எழுதிப் பார்த்து எழுதச் சொன்னாலும் போதும், பத்து நிமிட வேலை. நான்காவது வாக்கியத்தை விடாமல் எல்லாப் பாடத்திலும் ஏதாவது ஒரு வடிவில் வையுங்கள். தன் விடையைத் தானே சோதிக்கும் திறமைதான் நாம் பக்கத்தில் இல்லாதபோதும் அவனோடு இருப்பது.

படி 2: நல்லது எப்படி இருக்கும் என்று காட்டுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலும் தாண்டிவிடுகிறோம். அதற்கான விலையை எழுத்து வேலைகளில் கொடுக்கிறோம். தமிழ்ப் பாடத்தில் விண்ணப்பக் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று அமைப்பைச் சொல்லித் தருவோம். பிள்ளைகள் அமைப்பை மனப்பாடம் செய்துவிடுவார்கள். கடிதம் மட்டும் கடிதமாக இருக்காது.

நான் செய்வது இது. தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சித் தலைவருக்கு எழுதும் மூன்று கடிதங்களை நானே எழுதிக்கொண்டு போவேன். முதல் கடிதத்தில் அமைப்பு அப்பழுக்கில்லாமல் இருக்கும். எந்தத் தெரு என்று எங்கேயும் இருக்காது. இரண்டாவதில் எத்தனை கம்பம், எத்தனை நாள், பாட்டி தடுக்கி விழுந்தது என எல்லாம் இருக்கும்; என்ன செய்ய வேண்டும் என்ற கோரிக்கை இருக்காது. மூன்றாவது நன்றாக இருக்கும், ஆனால் ஒரு வாக்கியம் தேவையில்லாமல் நீண்டிருக்கும். நான்கு பேர் குழுவாக உட்கார்ந்து மூன்றையும் வரிசைப்படுத்தி, ஏன் அப்படி வைத்தார்கள் என்று சொல்ல வேண்டும். கடந்த ஆண்டுப் பிள்ளைகளின் எழுத்தையும் பயன்படுத்தலாம், ஆனால் பெயரும் கையெழுத்தும் அடையாளம் தெரியாதபடி மறுபடி எழுதிக்கொள்ளுங்கள். சின்ன ஊரில் யார் கையெழுத்து என்று எல்லாருக்கும் தெரியும்.

முதல் முறை செய்தபோது எல்லாக் குழுவும் முதல் கடிதத்தைத்தான் சிறந்தது என்றது. அழகான அமைப்பு! "சரி, நீதான் தலைவர். லைன்மேனை எங்கே அனுப்புவ?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "படிக்கிறவங்க நம்ம ஊருக்கு வராமலே எந்தக் கம்பம்னு தெரியணும் சார்." அதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். அந்த ஆண்டு முழுக்க எங்கள் வகுப்பில் நல்ல கடிதத்துக்கு முதல் அளவுகோல் அதுதான். நான் எழுதித் தந்திருந்தால் "தகவல் தெளிவு" என்று எழுதியிருப்பேன், ஒருவருக்கும் ஒட்டியிருக்காது. அளவுகோல்களைப் பிள்ளைகள் வாயிலிருந்தே எடுங்கள். மூன்று அல்லது நான்கு போதும். அவர்கள் விட்டுவிட்டதை மட்டும் நீங்கள் சேருங்கள்.

படி 3: "புரிஞ்சுதா?" என்று கேட்பதை நிறுத்துங்கள்

"புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்!" என்று 38 குரல் ஒரே ராகத்தில் வரும். அது மரியாதை, பதில் அல்ல. கைதூக்கச் சொன்னால் எப்போதும் தூக்கும் அதே ஆறு கைதான். மற்ற 32 பேரும் அந்த ஆறு பேருக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்துகொள்ளப் பழகிவிடுகிறார்கள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் காட்ட வேண்டும். சிலேட்டு இருந்தால் சிலேட்டு, இல்லாவிட்டால் பழைய காலண்டர் அட்டையில் அ, ஆ, இ, ஈ எழுதிய நான்கு துண்டு, அதுவும் இல்லாவிட்டால் நெஞ்சுக்கு நேரே விரல். நெஞ்சுக்கு நேரே வைத்தால் பக்கத்திலிருப்பவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

கேள்வியை யோசித்துத் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். 1/2 + 1/4 எவ்வளவு? அ) 2/6, ஆ) 3/4, இ) 1/6, ஈ) 2/4. அ காட்டும் பிள்ளை மேலே மேலே, கீழே கீழே கூட்டியிருக்கிறது. இ காட்டும் பிள்ளை பகுதியை மட்டும் கூட்டியிருக்கிறது. ஈ காட்டும் பிள்ளைக்குப் பொதுப்பகுதி 4 என்று தெரிகிறது, தொகுதியை மாற்ற மறந்துவிட்டது. மூன்றும் 'தவறு' என்றால் மூவருக்கும் ஒரே மருந்து கொடுப்போம். நோய் மூன்றும் வேறு.

கேள்வி கேட்டதும் காத்திருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். 3 நொடி என்பது ஆசிரியருக்குப் பெரிய நேரம். மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

பாடவேளை முடியும்போது ஒரு துண்டுச் சீட்டில் ஒரு கேள்விக்கு விடை எழுதிக் கதவருகே டப்பாவில் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம். மூன்று கட்டாகப் பிரித்தால் போதும்: வந்துவிட்டது, பாதி, வரவில்லை. ஐந்து நிமிடம் ஆகும். மறுநாள் பாடத்தை எங்கே தொடங்குவது என்று அந்தக் கட்டுகள் சொல்லும். மறுநாள் தொடக்கத்திலேயே "நேற்று உங்கள் சீட்டைப் பார்த்துத்தான் இன்று இதை மறுபடி எடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். தாங்கள் எழுதியதால் ஏதோ மாறுகிறது என்று தெரிந்தால்தான் உண்மையை எழுதுவார்கள்.

படி 4: மதிப்பெண் இல்லாத சிறுதேர்வு

திங்கட்கிழமை முதல் ஐந்து நிமிடம், மூன்று கேள்வி: ஒன்று போன பாடவேளையிலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து. நோட்டை மூடிவிட்டு எழுத வேண்டும். பிறகு நோட்டைத் திறந்து தாங்களே பச்சை மையில் திருத்திக்கொள்ள வேண்டும். பதிவேட்டில் எதுவும் ஏறாது.

பிள்ளைகள் படிப்பது என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது என்றே நினைக்கிறார்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்களும், வாசித்ததை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். இதைப் பிள்ளைகளிடம் கதையாகச் சொல்லுங்கள், 8ஆம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். காலையில் வாசித்ததும் 'எல்லாம் தெரியும்' என்று தோன்றுவது ஏன், தேர்வு அறையில் ஏன் வரவில்லை என்பதற்கு முதன்முறையாக அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். தன்னைப் பற்றி "எனக்கு மண்டைல ஏறாது" என்று முடிவுகட்டியிருந்த பிள்ளைக்கு அது பெரிய விடுதலை.

படி 5: திருத்தும்போது வேலை கொடுங்கள்

"நன்று", "கவனம் தேவை", "இன்னும் முயற்சி செய்" இந்த மூன்றும் நம் கை தானாக எழுதும் சொற்கள். கவனம் எங்கே தேவை? முயற்சி என்றால் என்ன செய்ய? ரூத் பட்லர் 1988இல் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் மூன்று விதமாகத் தாளைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்: சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களின் நிலை, மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தது. எண் கண்ணில் பட்டதும் குறிப்பை யாரும் பார்ப்பதில்லை. தாள் நான்காக மடியும் காட்சியின் காரணம் இதுதான்.

ஆகவே வளரறித் தேர்வுகளில் மதிப்பெண்ணை என் நோட்டில் மட்டும் எழுதிக்கொள்கிறேன். தாளில் குறிப்பு மட்டும் போகும். பிள்ளை தன் தவறுகளைத் திருத்தி முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் எண்ணைச் சொல்வேன். முதல் மாதம் எதிர்ப்பு இருக்கும், பெற்றோர் கேட்பார்கள். மறைக்கவில்லை, தள்ளிவைக்கிறோம் என்று சொல்லுங்கள்.

குறிப்பு என்றால் பிள்ளை உடனே செய்யக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். விடையை நாமே எழுதிவிட்டால் வேலை முடிந்துபோகும். 2/6 என்று எழுதிய பிள்ளைக்கு நான் எழுதுவது: "அரைக் கிலோ சர்க்கரையும் கால் கிலோ சர்க்கரையும் சேர்த்தால் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். அதை உன் விடையோடு ஒப்பிடு." அரையும் காலும் முக்கால் என்று நம் பிள்ளைகள் கடைக்குப் போய்வந்தே தெரிந்துவைத்திருக்கிறார்கள். வாயில் இருக்கும் கணக்கு தாளில் வராமல் போகிறது. அரையோடு எதையாவது கூட்டினால் அரையைவிடக் குறையுமா என்று அவனே பிடித்துவிடுவான். அந்த நொடியில் அவன் முகத்தைப் பாருங்கள்.

சுலபமான இன்னொன்று: ஐந்து கணக்கில் எது தவறு என்று குறிக்காமல் "இதில் இரண்டு சரியில்லை. கண்டுபிடித்துத் திருத்து" என்று மட்டும் எழுதுவது. நமக்கும் மை மிச்சம். 38 தாளுக்கும் தனித்தனியாக எழுத முடியாது என்பது உண்மைதான். தவறுகள் எப்படியும் நாலைந்து வகையில் அடங்கிவிடும். குறிப்புகளுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்து, தாளில் எண்ணை மட்டும் எழுதுங்கள். குறிப்புகள் கரும்பலகையில் இருக்கட்டும். பிள்ளை தன் எண்ணுக்குரிய குறிப்பைத் தன் கையால் தாளில் எழுதிக்கொள்ளும். எழுதும்போதே வாசித்தாக வேண்டும்.

படி 6: தாள் திரும்பும் பாடவேளை

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தாள் கொடுக்கும் நாளில் ஒரு முழுப் பாடவேளையை இதற்கென்றே ஒதுக்குங்கள். பாடக்குறிப்பேட்டிலும் எழுதிவிடுங்கள். 'மீள்பார்வை' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது, அது உண்மையும்கூட.

தாளைக் கொடுத்ததும் முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. குறிப்புகளை வாசிக்க வேண்டும். பிறகு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் பிழை ஏட்டைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் முன்னால் மூன்றில் ஓர் எழுத்து:

க: தெரியும், கைதவறிவிட்டது.
பா: பாதி தெரியும், நடுவில் மாட்டிக்கொண்டேன்.
தெ: எனக்குத் தெரியவே தெரியாது.

தொடக்கத்தில் எல்லாப் பிள்ளையும் எல்லாத் தவறுக்கும் 'க' போடும். அது தற்காப்பு. கண்டிக்காதீர்கள். "க போட்டதை எல்லாம் இப்போது உதவியில்லாமல் மறுபடி போடு. வந்தால் க, வராவிட்டால் பா" என்று சொல்லுங்கள். அந்தச் சோதனையே திருத்திவிடும். மூன்று வகைக்கும் அடுத்த வேலை வேறு. 'க' பிள்ளைகள் இனி எந்த இடத்தில் சரிபார்ப்பேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். 'பா' பிள்ளைகள் ஒரே கணக்கில் மாட்டிய இருவராக உட்கார்ந்து எந்த வரியில் பிசகியது என்று கண்டுபிடிக்க வேண்டும். 'தெ' பிள்ளைகள் கரும்பலகைக்குப் பக்கத்தில் என்னோடு தரையில் வட்டமாக உட்காருவார்கள். எல்லாம் சரியாக எழுதிய நாலைந்து பேர் மீதமிருப்பார்கள். அவர்களை எப்போதும் 'குட்டி ஆசிரியர்' ஆக்கிவிடுவது நியாயமில்லை, அவர்களும் கற்க வந்தவர்கள்தான். கடினமான ஒரு புதிய கணக்கைக் கொடுங்கள், அல்லது வேண்டுமென்றே தவறாகப் போட்ட விடையைக் கொடுத்துப் போட்டவர் என்ன நினைத்திருப்பார் என்று எழுதச் சொல்லுங்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் எழுதிய பிழை ஏட்டு வரிகளை அவன் அனுமதியோடு தருகிறேன்:

"3வது கணக்கு. க போட்டேன். மறுபடி போட்டேன் வரல. பா. பொதுப்பகுதி 12 கண்டுபிடிச்சேன். மேல இருக்கறத பெருக்க மறந்துட்டேன். இனிமே கீழ எதால பெருக்கினேனோ அத பென்சில்ல பக்கத்துல எழுதிக்குவேன்."

எழுத்துப் பிழையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பென்சில் உத்தி அவனே கண்டுபிடித்தது. அடுத்த வாரம் வகுப்பில் பாதிப் பேர் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து மூன்றே கேள்வியோடு மறுதேர்வு. அவரவர் பிழை ஏட்டில் இருக்கும் வகையிலிருந்து அவரவரே மூன்று கேள்வி தயாரித்து எழுதலாம். எளிதான கேள்வியாகத் தயாரித்துத் தப்பிப்பார்களே என்று பயந்தேன், சிலர் செய்தார்கள். ஆனால் தன் பலவீனத்தைச் சோதிக்கும் கேள்வியை உருவாக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் ஏறக்குறைய வந்துவிட்டது. பதிவேட்டில் மறுதேர்வு மதிப்பெண்ணை ஏற்றுங்கள். வளரறி மதிப்பீட்டில் வளர்ந்த பிறகு இருக்கும் நிலையைத்தானே பதிய வேண்டும்.

படி 7: தன்னைப் பார்ப்பது, சக மாணவரைப் பார்ப்பது

இங்கே எச்சரிக்கை தேவை. நம் வகுப்பறைக்குள் தெருவும் வந்து உட்கார்ந்திருக்கிறது. யார் தாளை யார் தொடுவது, ஆண்பிள்ளை எழுத்தைப் பெண்பிள்ளை குறை சொல்லலாமா, தலைவர் வீட்டுப் பிள்ளைக்கு யார் உண்மையைச் சொல்வது போன்றவை பாடநூலில் இல்லாவிட்டாலும் பெஞ்சில் இருக்கின்றன. அதனால் சக மதிப்பீட்டில் மதிப்பெண் கூடவே கூடாது. படி 2இல் பிள்ளைகள் சொன்ன அளவுகோல்களை மட்டும் வைத்து இரண்டே வரி எழுத வேண்டும்: இதில் எனக்குப் பிடித்த ஓரிடம், எனக்குப் புரியாத ஓரிடம். முதலில் பெயரில்லாத மாதிரிகளில் பழக்குங்கள். ஜோடிகளை நீங்களே மாற்றி மாற்றி அமையுங்கள், அவர்கள் விருப்பத்துக்கு விட்டால் சிலர் தனியே நிற்பார்கள்.

தன் மதிப்பீட்டுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு போதும். படி 1இன் 'என்னால் முடியும்' வாக்கியத்துக்கு நேரே உள்ள கட்டத்தில் புள்ளி வைப்பது. பிள்ளை சிவப்பு வைத்த அன்று நம் முகம் எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருமுறை "இதுகூடத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டால் போதும், மறுநாளிலிருந்து நோட்டு முழுக்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். நான் ஒருமுறை கேட்டேன். அந்த வகுப்பில் மறுபடி சிவப்பு வர இரண்டு மாதம் ஆனது.

படி 8: பெற்றோர் முன் பிள்ளை பேசட்டும்

பெற்றோர் கூட்டத்தில் பிள்ளை ஓரமாகத் தலைகுனிந்து நிற்க, நாமும் பெற்றோரும் அவனைப் பற்றி அவன் தலைக்கு மேல் பேசுகிறோம். அதற்குப் பதிலாக ஐந்து நிமிடம் அவனையே நோட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்: எனக்கு வந்தது இது, வராமல் இருந்து வந்தது இது, இன்னும் வராதது இது, அதற்கு நான் செய்வது இது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மதிப்பெண் பட்டியல் ஒன்றும் சொல்லாது. மகள் வாயால் சொல்வது எல்லாம் சொல்லும். முந்தின நாள் வகுப்பில் ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

எங்கே தொடங்குவது?

ஒரே வகுப்பு, ஒரே பாடம். முதல் வாரம் துண்டுச் சீட்டு மட்டும். இரண்டாவது வாரம் 'என்னால் முடியும்' வாக்கியங்கள். அந்தப் பாடத்தின் சிறுதேர்வு வரும்போது தாள் திரும்பும் பாடவேளை. மற்றவை அடுத்த பருவத்தில். எட்டையும் ஒன்றாகத் தொடங்கியவர்கள் ஒரு மாதத்தில் விட்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"பாடம் முடிக்கவே நேரமில்லை, 10ஆம் வகுப்பு சார்" என்பவர்களுக்கு: பொதுத்தேர்வு வகுப்பில்தான் தேர்வுகள் அதிகம், ஆகவே திரும்பி வரும் தாள்களும் அதிகம். புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். வாரம் மூன்று தேர்வு வைக்கிறீர்கள் என்றால் இரண்டாகக் குறைத்து, மிச்சமான பாடவேளையைப் பிழை ஏட்டுக்குக் கொடுங்கள். திருப்புதல் தேர்வுக்கு முன் "எதைப் படிக்க?" என்று பிள்ளை உங்களைக் கேட்டால், அவன் ஏட்டை அவன் கையிலேயே கொடுங்கள்.

ஆண்டு முடியும்போது பழைய நோட்டுகள் எடைக்குப் போய்விடும். பிழை ஏட்டுப் பக்கங்களை மட்டும் பிரித்து, நூலால் கட்டி, எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஜூனில் புது வகுப்பில் புது ஆசிரியரிடம் அதைக் காட்டலாமா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையே முடிவுசெய்யட்டும்.